குளத்தில் காரம்

மண் லாரி பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது குண்டூசி குளக்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆள் சின்னது, பேச்சு சுருக்கென்று குத்தும். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"பாப்பா, எழுந்திரு. மண்ணைக் கொட்டணும்" என்றார் லாரிக்காரர்.

"மாட்டேன்."

"மண்ணு உன் தலையில விழும்."

"விழட்டும். தலைக்குக் குளிச்சுக்கிறேன்."

லாரிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டுத் தலைமை ஆசிரியையைத் தேடிப் போனார்.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் இருந்த அந்தக் குளம் ரொம்பச் சின்னது. அதில் மீன்கள் இருந்தன. குண்டூசியும் அவள் வகுப்பும் அவற்றுக்குத் தினமும் பொரி போடுவார்கள். கொஞ்ச நாளாக மீன்கள் செத்து மிதந்தன. நாற்றமும் கிளம்பியது. மூடிவிட்டால் தொல்லை விட்டது என்று தலைமை ஆசிரியை மண்ணுக்குச் சொல்லிவிட்டார்.

அவரே இப்போது விறுவிறுவென்று வந்தார். பின்னாலேயே வகுப்பு மொத்தமும் வந்தது.

"என்னம்மா பிடிவாதம் இது? குளம் கெட்டுப்போச்சு."

"குளம் தானா கெடல டீச்சர். யாரோ கெடுக்கிறாங்க. கெடுத்தவங்கள விட்டுட்டுக் குளத்தைப் புதைக்கிறது என்ன நியாயம்?"

"கெடுக்கிறாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

"மீனுங்கதான். பாருங்க, மிச்சம் இருக்கிறதெல்லாம் அந்த மூலையில ஒண்டிக்கிட்டு இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல."

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்து மதிலுக்கு அடியில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணில காரம் ஏறிப்போச்சு டீச்சர்" என்றாள் குண்டூசி.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. "மிளகாய்ப் பொடி போட்டுட்டாங்களாம், மீன் குழம்புக்கு" என்றான் ஒருவன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த சலவைக்கடைக்காரர் தலையை நீட்டினார். விஷயத்தைக் கேட்டதும் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"காரமா? என் கடையிலேர்ந்து வர்றது சோப்புத் தண்ணி. துணி துவைக்கிற கடையில மிளகாய்க்கு என்ன வேலை? இதோ, வாயில ஊத்தியே காட்டறேன்."

பிள்ளைகள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த குவளையை எடுத்துக் குளத்தில் மொண்டார். குண்டூசி எழுந்திருக்காமலே எம்பி, அவர் கையைத் தட்டிவிட்டாள். குவளை உருண்டது.

"வேண்டாம் மாமா. வயித்தைப் புண்ணாக்கிடும்."

சண்டைக்கு வந்தவர் அவளை உற்றுப் பார்த்தார். தன் வயிற்றைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு என்ன கவலை?

"இது நாக்குல உறைக்கிற காரம் இல்ல" என்றாள் குண்டூசி. "புளிக்கிறதுல அமிலம் இருக்குமே, அதுக்கு நேர் எதிரி. பேரு மட்டும்தான் ஒண்ணு. எங்க அக்கா காலேஜ்ல சுற்றுச்சூழல் படிக்கிறா. மனப்பாடம் பண்றேன்னு வீட்டையே ரெண்டாக்குவா. காதைப் பொத்தினாலும் உள்ள வந்துடும்."

அவள் பையிலிருந்து மஞ்சள் தடவிக் காயவைத்த தாள் துண்டுகளை எடுத்தாள். ஒன்றை வாளியிலிருந்த குடிதண்ணீரில் நனைத்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இன்னொன்றைக் குழாய் வாயில் பிடித்தாள். தாள் செக்கச்செவேல் என்று ஆனது.

சிரித்தவர்கள் தாளைப் பார்க்க முண்டியடித்தார்கள்.

"வெள்ளைச் சட்டையில மஞ்சள் கறை பட்டு, சோப்புப் போட்டா சிவக்குமே. நீங்க பார்க்காததா மாமா?"

"தினம் பார்க்கிறேன்" என்று முணுமுணுத்தார் அவர்.

"அந்தக் காரம்தான் இது. சட்டைக்கு நல்லது, மீனுக்கு ஆகாது."

சலவைக்கடைக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அதுக்கு நான் கடைய இழுத்து மூடணுமா? இந்தத் தண்ணிய எங்க கொண்டுபோய் ஊத்துவேன்?"

"கடைய எதுக்கு மூடணும்? உங்க வாசல்லயே கழிவுநீர்க் குழாய் போகுது. அதுல விட்டா, கடைசியில தண்ணியச் சுத்தம் பண்ற இடத்துல காரத்தைச் சரிபண்ணித்தான் வெளிய அனுப்புவாங்க."

"வாசலைத் தோண்டணுமே. யார் தோண்டறது?"

"மண்வெட்டி லாரியில இருக்கு" என்றார் லாரிக்காரர். "சாயங்காலம் நானும் கை கொடுக்கிறேன்."

எல்லாரும் தலைமை ஆசிரியையைப் பார்த்தார்கள். அவர் செத்த மீன்களைப் பார்த்தார், மூலையில் ஒண்டியிருந்த மீன்களையும் பார்த்தார்.

"சரி. குளத்தை மூட வேண்டாம்" என்றார். "எழுந்து வகுப்புக்குப் போ."

"முதல்ல குழாயை அடைக்கட்டும் டீச்சர். அதுவரைக்கும் இந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன்."

"என்னை நம்பலையா நீ?"

"உங்கள நம்பறேன். குழாயைத்தான் நம்பல."

சலவைக்கடைக்காரர் லாரிக்குப் போனார். இரண்டு கையிலும் களிமண்ணை அள்ளிவந்து, மண்டியிட்டு, குழாய் வாயை அப்பி அடைத்தார். ஒழுகிக்கொண்டிருந்த நுரை நின்றது. சட்டையெல்லாம் சேறு.

"நல்லாத் துவைக்கணும் மாமா" என்றாள் குண்டூசி.

"அது எனக்குத் தெரியும்" என்றார் அவர். சிரிப்பை அடக்க முடியவில்லை.

லாரி மிச்ச மண்ணோடு திரும்பிப் போனது. தலைமை ஆசிரியை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இப்பவாவது எழுந்திருப்பீங்களா, மகாராணி?"

குண்டூசி எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"கால் மரத்துப்போச்சு டீச்சர். கொஞ்சம் தூக்கிவிடுங்க."

தலைமை ஆசிரியை குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.