நான்கு நூல், மூன்று கை

ஹுஸ்னாவின் பட்டத்துக்கு நான்கு நூல்கள். ஆனால் ஹுஸ்னாவுக்கு இப்போது ஒரு கைதான் இருந்தது. இடது கை மாவுக்கட்டுக்குள் கிடந்தது.

ஒற்றை நூல் பட்டம் என்றால் ஒரு கையே போதும். நான்கு நூல் பட்டத்துக்கு இரண்டு கைகள் வேண்டும். வலது பக்கத்து நூல்கள் இரண்டும் ஒரு கைப்பிடியில். இடது பக்கத்து நூல்கள் இரண்டும் இன்னொரு கைப்பிடியில். கைப்பிடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சாண் பிளாஸ்டிக் குழாய். மேல்முனையில் ஒரு நூல், கீழ்முனையில் ஒரு நூல்.

மேல்முனையை நம் பக்கம் சாய்த்தால், பட்டத்தின் அந்தப் பாதி முன்னால் போகும். கீழ்முனையை இழுத்தால், அந்தப் பாதி பின்னால் வரும். இரண்டுக்கும் நடுவில் சரியாகப் பிடித்தால் பட்டம் அந்தரத்தில் அப்படியே நிற்கும்.

திருப்புவதும் சுலபம்தான். பள்ளிக்கூடத்தில் கைகோத்து நடக்கும் ஒரு வரிசையை நினைத்துப் பாருங்கள். வலது ஓரத்துப் பிள்ளை நின்றுவிட, இடது ஓரத்துப் பிள்ளை நடந்துகொண்டே இருந்தால், வரிசை முழுவதும் வலது பக்கம் திரும்பிவிடும் அல்லவா? பட்டமும் அப்படித்தான்.

இதையெல்லாம் ஹுஸ்னா உம்மாவின் போனில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். பட்டத்துக்கு வேண்டிய துணியும் கடையில் வாங்கியதல்ல. ஐந்தருவியில் சீசன் காற்று திருப்பிப் போட்டு ஒடித்ததால், குளிக்க வந்தவர்கள் வீசிவிட்டுப் போன குடைகள்! குடைத்துணி லேசானது, நனையாது. கிழிந்துபோன கொசுவலைக் கூடாரம் ஒன்றும் வீட்டில் இருந்தது. வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கிழித்தது பக்கத்து வீட்டுப் பூனை. அதன் வளையும் குச்சிகள் பட்டத்துக்கு எலும்பாயின. வலையையும் அவள் விடவில்லை. பட்டத்தின் மேல் ஓரத்தில் பட்டையாகத் தைத்தாள். காற்று பலமாக அடிக்கும்போது கொஞ்சம் காற்று வலை வழியாகப் போய்விடும். பட்டம் வெடுக்கென்று இழுக்காது.

பட்டத்தைத் தைத்து முடித்த அன்றே கை ஒடிந்தது.

அவளுடைய கூட்டாளி பென்னி சைக்கிளை மிதித்தான். ஹுஸ்னா பின்னால் பட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள். இலஞ்சி ரோட்டில் சைக்கிள் ஓடைக்குள் இறங்கியது. அன்றிலிருந்து அவள் பென்னியோடு பேசவில்லை. பென்னியும் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. பட்டமும் அவனிடமே இருந்தது.

"கட்டுப் பிரிக்கும்போது ஆடி முடிஞ்சிருக்கும்," என்றார் உம்மா. "பரவாயில்ல, அடுத்த வருசம் விடலாம்."

ஆடி முடிந்தால் காற்றும் இறங்கிவிடும். செங்கோட்டைப் பக்கம் மலையில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்குக் காற்று அதன் வழியாகப் புகுந்து, தென்காசிக்கு வருகிறது. அது நின்றுவிட்டால், எவ்வளவு நல்ல பட்டமும் தரையில் விரித்த துணிதான்.

அடுத்த வருடம்! பறக்குமா பறக்காதா என்று தெரியாமலே ஒரு வருடம் எப்படி இருப்பது?

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பென்னி. கையில் ஒரு துணிச்சுருள்.

"பட்டம்," என்றான். "அன்னைக்குக் கிழிஞ்சிருந்துச்சு. தைச்சுட்டேன்."

ஹுஸ்னா விரித்துப் பார்த்தாள். இடது இறக்கையில் பளிச்சென்று ஒரு மஞ்சள் ஒட்டு.

"இது என்ன துணிலே?"

"என் ரெயின்கோட்டு. முதுகுல இருந்து வெட்டினேன்." பென்னி குரலைத் தாழ்த்தினான். "அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

ஹுஸ்னாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்ததால், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு அவனுடைய கைகளைப் பார்த்தாள். இரண்டும் நன்றாக இருந்தன.

"நீ பீச்சாங்கைக்காரன்தானே?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"இடது கைப்பிடியை நீ பிடி. வலதை நான் பிடிக்கேன்."

உம்மா யோசித்தார். "ஓடக்கூடாது. கட்டு நனையக்கூடாது. இவன் சைக்கிள்ல ஏறவே கூடாது," என்று சொல்லித்தான் அனுப்பினார்.

பென்னி ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இருவரும் நடந்தே போனார்கள். ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடம் ஒன்று இருந்தது. வீடு ஒன்றும் வரவில்லை. எல்லைக் கற்கள் மட்டும் வெள்ளையும் சிவப்புமாக நின்றன. முக்கியமாக, மின்கம்பிகள் இல்லை. பட்டம் விட அதைவிட நல்ல இடம் கிடையாது.

வழியில் பட்டத்தின் ஒரு முனை அவிழ்ந்தது. காற்று அதற்குள் புகுந்து உப்ப, பென்னி இரண்டடி தள்ளாடி ஹுஸ்னாமேல் மோதினான்.

ஹுஸ்னா நின்றுவிட்டாள். ஒரு முனைக்கே இந்த இழுப்பா? அன்றைக்கு முழுப் பட்டமும் விரிந்துதானே இருந்தது? எல்லோரும் பார்க்கட்டும் என்று, கப்பல் பாய்போல் தூக்கிப் பிடித்தது யார்?

"பென்னி, அன்னைக்கு நீ விழ வைக்கல. பட்டம்தான் இழுத்துச்சு. நான்தான் விரிச்சுப் பிடிச்சிருந்தேன்."

"தெரியும்," என்றான் பென்னி, முனையைச் சுருட்டிக்கொண்டே.

"தெரியுமா! பின்ன ஏம்லே சொல்லல?"

"உனக்குக் கை ஒடிஞ்சு கிடந்துச்சு. அதுல நான் வேற என்னத்த சொல்ல?"

ஹுஸ்னா வலது கையால் அவனுக்குச் சுருட்ட உதவினாள். "அந்த முனையை நல்லா இறுக்கிப் பிடி," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

பிளாட்டில் முதல் வேலை, நான்கு நூல்களையும் அளப்பது. கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பிடிக்கும் நைலான் நூல் அது. ஒரு நூல் விரல் அகலம் நீளமாக இருந்தாலும் பட்டம் ஒரு பக்கமாகவே சுற்றும். ஒரு குச்சியை அடித்து, நான்கையும் அதில் மாட்டி, பென்னி இழுத்துப் பிடித்தான். ஹுஸ்னா முடிச்சுகளைச் சரிபார்த்தாள். மலைக்கு முதுகு காட்டி இருவரும் தோளோடு தோள் நின்றார்கள். தூரத்தில் பட்டம் ஒரு கல்லில் சாய்ந்து காத்திருந்தது.

முத்துவடிவு அக்கா அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வந்து பார்த்தார்.

"ஏட்டி, நாலு கயிறு போட்டுக் கட்டினா மாடே நகராது. பட்டம் எப்படிட்டி பறக்கும்?"

"பாருங்கக்கா," என்றாள் ஹுஸ்னா. "இழுலே!"

இருவரும் இழுத்தார்கள். பட்டம் விர்ரென்று எழுந்தது. உடனே வலது பக்கம் சாய்ந்தது.

"இடது பின்னால! பின்னாலலே!"

பென்னி இழுத்தான். அதற்குள் பட்டம் வட்டமடித்துத் தலைகீழாக மண்ணில் குத்தியது.

"ஆமா, நல்லாப் பறந்துட்டு," என்றார் முத்துவடிவு அக்கா.

இரண்டாவது தடவையும் மண். மூன்றாவது தடவை பட்டம் ஆடுகளின் நடுவே விழ, அவை நாலாபக்கமும் சிதறின.

"உங்க குடைக்குக் கிறுக்கா? கோட்டி பிடிச்சிருக்கா?" என்று கத்திக்கொண்டே அக்கா ஆடுகளுக்குப் பின்னால் ஓடினார்.

"நான் சொல்லும்போதே இழுக்கணும்லே! லேட்டா இழுக்க!"

"நீ சொல்லி முடிக்கதுக்குள்ள அது விழுந்துருதுட்டி! நான் என்ன செய்ய?"

ஹுஸ்னா மண்ணில் கிடந்த பட்டத்தைப் பார்த்தாள். அவன் சொன்னது சரி.

பட்டம் சாய்கிறது. அவள் பார்க்கிறாள். யோசிக்கிறாள். சொல்கிறாள். அவன் கேட்கிறான். அதற்குப் பிறகுதான் இழுக்கிறான். காற்று அவ்வளவு நேரம் காத்திருக்குமா?

ஒரே ஆள் பட்டம் விட்டால் என்ன நடக்கும்? வலது கை இடது கைக்குக் கட்டளை போடுமா? போடாது. இரண்டு கைகளும் தங்கள் தங்கள் நூலை உணர்ந்து வேலை பார்க்கும்.

"பென்னி, இனிமே நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல."

"கோவமா?"

"இல்லலே. நீ முழுப் பட்டத்தையும் பாக்காத. மஞ்சள் ஒட்டு இருக்குல்லா, அந்த றெக்கையை மட்டும் பாரு. அது என் றெக்கையைவிட மேல போனா, கீழ்முனையை லேசா இழு. கீழ போனா, மேல்முனையைச் சாய். என் றெக்கையை நான் பாத்துக்கிடுதேன். ரெண்டும் ஒரே மட்டத்துல நிக்கணும். அவ்வளவுதான்."

"நீ கத்த மாட்டியே?"

"கத்த மாட்டேன்."

பட்டம் மறுபடி எழுந்தது. வலது பக்கம் சாய்ந்தது. ஹுஸ்னாவின் தொண்டை வரை 'பின்னால!' வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பென்னியின் மணிக்கட்டு மெல்ல அசைந்தது. மஞ்சள் ஒட்டு கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம். அவளுடைய இறக்கைக்குச் சமமாக வந்தது.

நின்றது.

பட்டம் வானத்தில், ஆணி அடித்து மாட்டியதுபோல் நின்றது.

"நிக்குது!" என்று பென்னி கிசுகிசுத்தான், சத்தம் போட்டால் விழுந்துவிடும் என்பதுபோல.

அக்கா ஆடுகளைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பட்டத்தை அண்ணாந்து பார்த்தார். உடனே பாராட்டிவிட அவருக்கு மனமில்லை.

"நிக்குது, சரி. அந்தா, அந்தச் சிவப்புக் கல்லுல கொண்டு நிறுத்துங்க பாப்போம்."

இருவரும் கீழ்முனைகளை இழுத்தார்கள். பட்டம் தலையை மேலே வைத்தபடியே பின்னோக்கி இறங்கியது. ஆளுயரம். முழங்கால் உயரம். இறக்கை நுனிகள் இரண்டும் கால்களாக, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாகப் பட்டம் வந்து நின்றது.

ஒரு கறுப்பு ஆடு மெதுவாகப் போய் மஞ்சள் ஒட்டை முகர்ந்தது. தின்ன வாயைத் திறந்தது.

இருவருடைய கைகளும் ஒரே நேரத்தில் மேல்முனையைச் சாய்த்தன. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பட்டம் துள்ளி எழுந்து மேலே போனது. ஆடு வாயைத் திறந்தபடியே நின்றது.

முத்துவடிவு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ ஆத்தே! மாட்டைக்கூட இப்படிப் பழக்க முடியாதுட்டி!"

அப்போது ஹுஸ்னாவின் பிடரியில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. மலை முதுகுப்பக்கம் இருந்ததால், சாரல் வந்ததை யாரும் பார்க்கவில்லை.

"கட்டு நனையக்கூடாது!" என்றாள் அவள். ஆனால் கைப்பிடியை விடவில்லை. விட்டால் பட்டம் விழுந்துவிடும். இப்போதுதானே நிற்கத் தொடங்கியது!

பென்னி யோசித்தான். ஹுஸ்னாவின் வலது கை கைப்பிடியில். இடது கை மாவுக்கட்டுக்குள். அவனுடைய இடது கை கைப்பிடியில். அப்படியானால் இன்னும் ஒரு கை மிச்சம் இருக்கிறதே!

மிச்சமிருந்த கையால், காலடியில் கிடந்த பைக்குள்ளிருந்து ரெயின்கோட்டை உருவினான். உதறினான். பட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அதை ஹுஸ்னாவின் கட்டின்மேல் போட்டு, ஓரத்தை அவளுடைய சட்டைக் கழுத்தில் செருகிவிட்டான்.

அக்கா அருகில் வந்து கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, இதுல இம்மாம் பெரிய ஓட்டை கிடக்கு! அந்தத் துணி எங்கன போச்சு?"

பென்னி கைப்பிடியை அசைக்காமல், தாடையால் மேலே காட்டினான்.

அங்கே, மஞ்சளாகச் சதுரமாக, ஹுஸ்னாவின் இறக்கைக்குச் சரிசமமாக, அது அசையாமல் நின்று நனைந்துகொண்டிருந்தது.