கத்தரீனா வேண்டாமென்ற குளிசை

காலை ஆறு மணி. நெடுந்தீவில் ஒரு வீட்டுக் குசினி அடுப்படியில் கத்தரீனா இறந்து கிடந்தாள். அருகே கோப்பை கவிழ்ந்திருந்தது. சிந்திய தேத்தண்ணியை எறும்பு மொய்த்திருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் கோசலா கணவனிடம் கேட்டாள்.

“என்ன வருத்தம் அவவுக்கு?”

“சலரோகம், நீரிழிவு. கனகாலமா.” கடற்றொழிலாளி வின்சன்ற் சுவரைப் பிடித்தபடி சொன்னான்.

பக்கத்து வீட்டு மேரிசுகந்தி சொன்னாள்: “புது மருந்தொண்டைச் சோதிக்கினமெண்டு சேர்ந்தவ. நெஞ்சு படபடக்குதெண்டு போன மாசம் விட்டிட்டா. இனித் தொடமாட்டன் எண்டு எனக்குச் சொன்னவ.”

ஆனால் பிரேத பரிசோதனை வேறு சொன்னது. இரத்தத்தில் அதே மருந்து. இதயத்தை நிறுத்தியதும் அதுதான்.

ஆய்வை நடத்திய டொக்டர் நிசாந்தன் தொலைபேசியில் அமைதியாகப் பேசினார். “எப்ப வேணுமெண்டாலும் விலகலாம் எண்டு சொல்லித்தான் சேர்க்கிறம். அவ விரும்பித்தான் குடிச்சிருப்பா.”

கோசலா மீண்டும் அந்த வீட்டுக்குப் போனாள். மேரிசுகந்தியையும் கூப்பிட்டாள்.

“கத்தரீனா தேத்தண்ணிக்குச் சீனி போடுறவவோ?”

“சீனியோ? வருத்தம் வந்த நாள் தொட்டு வெறுந் தேத்தண்ணிதான்.”

“வெறுந் தேத்தண்ணிக்கு எறும்பு வராது. எல்லாரும் பார்த்தம், ஒருத்தரும் யோசிக்கேல்லை.” கோசலா வின்சன்றிடம் திரும்பினாள். “கசப்பை மறைக்கச் சீனி போட்டிருக்கிறியள். அந்த மருந்துக் குளிசையை அரைச்சுக் கலந்தது நீங்கள்தான், வின்சன்ற் அண்ணை.”

வின்சன்ற் குசினி வாசலைப் பார்த்தபடி சொன்னான்.

“டொக்டர் வந்து தனியத் தந்தவர். விட்டால் செத்துப்போவா எண்டார். படபடப்பு வாறது மருந்து வேலை செய்யிறதாலையாம். அவ கேட்கேல்லை. நான் என்ன செய்ய?” அவன் கண்ணைத் துடைத்தான். “கனநாளைக்குப் பிறகு சீனி போட்டுத் தந்திருக்கிறன் எண்டு சிரிச்சுச் சிரிச்சுக் குடிச்சவ.”

“அது மருந்தோ எண்டு டொக்டர்மாருக்கே தெரியாது, அண்ணை. அதைப் பார்க்கத்தான் உங்கட தீவுச் சனத்துக்குக் குடுக்கிறவை.”



தான் குளிசை கொடுக்கவுமில்லை, அப்படிச் சொல்லவுமில்லை என்றார் நிசாந்தன். சாட்சி யாருமில்லை. வழக்கு வின்சன்றின் பெயரில் மட்டும் பதிவானது.

அவனை ஏற்றிக்கொண்டு போக வந்த வள்ளத்திலிருந்துதான் நிசாந்தனின் ஆட்கள் மருந்துப் பெட்டிகளோடு இறங்கினார்கள். இறங்குதுறையில் சனம் காத்து நின்றது. கோசலா ஓடிப்போய் மறித்தாள்.

“இதைக் குடியாதேங்கோ! கத்தரீனாவுக்கு நடந்தது தெரியுந்தானே?”

“தெரியும் பிள்ளை,” என்றார் ஐயாத்துரை என்ற முதியவர். “இந்த ஆக்களும் வராட்டில் இந்தத் தீவில எங்களை ஆர் வந்து பார்க்கிறது?”

அவர் கையை நீட்டினார்.