மறதியின் பாஸ்வேர்டு

லேப்டாப்பைத் திறந்ததும் அது அவளை 'மறதி' என்று கூப்பிட்டது.

'வணக்கம், மறதி. வீட்டுக்கு வந்ததில் மகிழ்ச்சி.' வெளிர்மஞ்சள் பக்கம், மூலையில் சின்ன வீட்டுப் படம், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவள் திறக்கப் போனது ஆஸ்பத்திரியின் பக்கத்தை. டாக்டர்கள் மென்று முழுங்கிப் பேசும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் செய்து அனுப்புவது அவள் வேலை. இந்த மஞ்சள் பக்கத்தை அவள் தேடவில்லை. அது தானாகத் திறந்து, தானாக அவளை உள்ளே சேர்த்துக்கொண்டது.

மறதி என்பது கணவன் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் செல்லம், அப்புறம் பட்டப்பெயர், கடைசியில் அதுவே அவள் பெயர். குடும்பத்துக்கென்று இந்தப் பக்கத்தை உண்டாக்கியதும் அவன்தான். யார் எங்கே இருக்கிறார்கள், எப்போது வீடு திரும்பினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். அவளுடைய பாஸ்வேர்டையும் அவனே போட்டான், ஒற்றை விரலால், அவசரமே இல்லாமல். ஒன்பது தட்டு. சமையலறையிலிருந்து அவள் எண்ணியிருக்கிறாள். என்னவென்று கேட்டால், "உனக்கு எதுக்கு இந்த ஞாபகமெல்லாம்? நான் இருக்கேன்ல" என்பான்.

அவனை விட்டு வந்து நாற்பது நாள் ஆகிறது. மூன்றாம் மாடியில் ஒரு கூடம், ஒரு உள்ளறை, இரண்டு பேர் நின்றால் இடிக்கும் சமையலறை. இந்த விலாசம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். இப்போது பச்சைப் புள்ளிக்குக் கீழே 'இருக்குமிடம்' என்று போட்டு, ஊரின் பெயரைச் சரியாகக் காட்டியது. இதை அவனும் பார்க்க முடியும்.

இங்கே வந்தபின் இந்த லேப்டாப்பை அவளுக்கு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நான் எதையும் அமுக்கவே இல்லை. அதுபாட்டுக்கு உள்ள போயிடுது."

"பிரவுசர்ல மெயில் ஐடி கொடுத்தீங்களா மேடம்? அப்ப பழைய வீட்டுச் சாமானெல்லாம் கூடவே வண்டியேறி வந்திருக்கும். செட்டிங்ஸ்ல பாஸ்வேர்டுன்னு ஒரு பகுதி இருக்கு பாருங்க. தானா லாகின் ஆகறதை ஆஃப் பண்ணிட்டு, சேமிச்சு வச்சிருக்கறதை அழிச்சிடுங்க. எத்தனை பிரவுசர் இருக்கு?"

"மூணு."

"மூணுலயும் செய்யணும். ஒவ்வொண்ணும் தனிக்குடித்தனம்."

சிரித்துவிட்டு வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிதான், ஆனாலும் கூடத்தில் விளக்கு போட வேண்டியிருந்தது. அவர் சொன்னபடியே முதல் பிரவுசரில் நீலப் பொத்தானை அணைத்தாள், புள்ளி புள்ளியாய் மறைந்திருந்த பாஸ்வேர்டை அழித்தாள், மூடித் திறந்து பார்த்தாள். மஞ்சள் பக்கம் இப்போது அவளை யாரென்று கேட்டது. இரண்டு பெட்டிகளும் காலி. அத்தனை வருஷத்தில் அது அவளைத் தெரியாததுபோல் பார்த்தது அன்றுதான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டாவது பிரவுசரை அவள் தொட்டதே இல்லை. மெயில் ஐடி எதுவும் கொடுத்ததில்லை.

'வணக்கம், மறதி.' இருக்குமிடத்தில் இப்போது தெருவின் பெயரும் சேர்ந்திருந்தது.

அதிலும் அழித்தாள். மூன்றாவதைத் திறந்தாள். 'வணக்கம், மறதி.' தெரு, கட்டடம், மூன்றாம் தளம். நிறுத்த வேண்டுமென்றால் திறக்க வேண்டும், திறந்தால் அவள் இன்னும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறாள். இது என்ன கொடுமை என்று அழுகை முட்டியது. அங்கேயும் சேமித்ததை அழித்தபின், பக்கத்தை மூடப் போனவள் ஓரத்தில் ஒரு பட்டியலைக் கண்டாள். 'மறதி என்ற பெயரில் உள்ளே இருக்கும் கருவிகள்.' லேப்டாப், லேப்டாப், லேப்டாப், பிரவுசருக்கு ஒன்றாக. நான்காவதாக ஒன்று.

கைபேசி. 4:06. இதே தெரு.

அவளிடம் இருப்பது பட்டன் போன். அதில் இன்டர்நெட் கிடையாது.

பட்டியலுக்குக் கீழே 'மற்ற கருவிகளை வெளியேற்று' என்று இருந்தது. அமுக்கினாள். பாஸ்வேர்டைக் கேட்டது. வழக்கம்போல் பெட்டியைத் தொட்டுவிட்டு, அது தானாக நிரம்பட்டும் என்று காத்திருந்தாள். நிரம்பவில்லை. எப்படி நிரம்பும்? அவள் கையாலேயே மூன்று இடத்திலும் துடைத்துவிட்டாளே. அது இனி ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

4:11. கைபேசி. கீழ்த்தளம்.

லிஃப்ட் கிளம்பும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது, முதலில் ஒரு உறுமல், பிறகு கம்பிகள் இழுபடும் முனகல், ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் ஒரு சின்ன இடி. ஈரத் துணியின் வாசனையோடு அவன் சவரத்துக்குப் பிறகு பூசிக்கொள்ளும் லோஷனின் வாசனையும் கதவிடுக்கில் நுழைந்ததுபோல் இருந்தது. லேப்டாப்பை மூடிவிடலாம். மூடினால் அந்தக் கைபேசி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போய்விடும்.

4:14. மூன்றாம் தளம்.

வாசல் கதவில் சங்கிலி மாட்டியிருந்தது. துளை வழியாகப் பார்த்தாள். நடைவழி காலி. லிஃப்ட் திறந்தபடி நின்றது. அதற்குள்ளும் யாருமில்லை. வெளியே போக அந்த ஒரு வழிதான்.

அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அவன் வந்துட்டான். கதவுக்கு வெளியில எங்கேயோ நிக்கறான்."

"யாருடி, உன் புருஷனா?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "உளறாதே. அவன் மத்தியானத்துலேர்ந்து எங்க ஹால்ல உட்கார்ந்திருக்கான். நீ எங்கேன்னு கேட்டு ஒரே அழுகை. நான் வாயைத் திறக்கலை."

"அவன் போன்?"

"சார்ஜ்ல கிடக்கு. என் கண்ணு முன்னாடிதான்."

அக்கா வீடு ரயிலில் ஒரு ராத்திரி தூரம். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏதோ கோளாறு. வெறும் மெஷின் கோளாறு.

"சரிக்கா. அப்புறம் பேசறேன்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

4:19. கைபேசி. மூன்றாம் தளம். உள்ளறை.

சங்கிலி மாட்டியபடியே இருந்தது. உள்ளறைக் கதவைக் காலையில் திறந்துதான் வைத்திருந்தாள். இப்போது சாத்தியிருந்தது.

உள்ளே ஒரு தட்டல். கண்ணாடியில் விரல் படும் சத்தம்.

காலிப் பெட்டியில் ஒரு புள்ளி விழுந்தது.

அவள் கை மடியில் இருந்தது. கீபோர்டை யாரும் தொடவில்லை.

தட்டல். இரண்டு.

அவசரமே இல்லை. மூன்று. நான்கு. எழுந்திரு என்று கால்களிடம் சொன்னாள். அசையவில்லை. ஐந்து. கத்தப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. ஆறு. ஏழு.

எட்டு.

அப்புறம் எதுவும் கேட்கவில்லை. மழைச் சத்தம்கூட. உள்ளறைக் கதவின் கீல் ஒருமுறை முனகியது. லோஷன் வாசனை.

ஒன்பதாவது தட்டு உள்ளறையிலிருந்து வரவில்லை. அவள் தோளுக்கு மேலாக நீண்டு வந்த ஒற்றை விரல், நகம் ஒட்ட வெட்டிய, ஈரமான விரல், அவள் கண்ணெதிரில் கீபோர்டின் மேல் இறங்கியது. ஒன்பதாவது புள்ளி விழுந்தது. பிறகு விரல் மெல்ல எழும்பித் திரைக்குப் போய், 'என்னை ஞாபகம் வைத்துக்கொள்' என்ற சின்னக் கட்டத்தின் மேல் படிந்து, எடுக்காமல் அங்கேயே நின்றது.