மூன்றாவது பிரதி

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அந்த வீடியோவில் அது எப்போதும் ஒருக்களித்துத்தான் இருக்கும். உள்ளே எரியும் விளக்கு நடைவழித் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும், அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு குட்டி ஓடிவருவாள். இன்று கோடு இல்லை. வெறும் நடைவழி கொஞ்ச நேரம் தெரிந்தது, வீடியோ முடிந்துவிட்டது.

அவள் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் யாரும் வரவில்லை.

ஓர் அலுவலகத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. எதையும் மூன்று பிரதி எடு, ஒன்றை வேறொரு கூரைக்குக் கீழே வை, எடுத்ததோடு விடாமல் திறந்து பார் என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, ‘மூணு காப்பி’ என்று பெயரே வாங்கிவிட்டாள். புதிதாகச் சேருகிறவர்கள் அவளைக் காப்பிப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வார்கள். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். தன் கைப்பேசியை அவள் ஒரு தடவைகூடப் பிரதி எடுத்ததில்லை. ஒரே மகள் காய்ச்சலில் போன துக்கம் ஆறுவதற்குள் அந்தக் கைப்பேசியும் ஒருநாள் உயிரை விட்டது. குட்டியின் படங்கள், மழலை, முதல் நடை, எல்லாம் அதோடு போயின. எப்போதோ தங்கைக்கு அனுப்பியிருந்த இந்தச் சின்ன வீடியோ மட்டும்தான் மிச்சம்.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத் தலையோடு குட்டி ஓடிவருவாள். கேமராவுக்கு மிக அருகில் நின்று, “அம்மா, என்னப் பிடி பாக்கலாம்” என்பாள். சிரிப்பாள். சிரிப்புக்கு நடுவில் ஒரு விக்கல் வரும். பிடிப்பதற்காக அம்மா கைப்பேசியைக் கீழே வைக்கிற இடத்தில் வீடியோ அறுந்துவிடும்.

இப்போது அதற்கு மூன்று பிரதிகள். ஒன்று மடிக்கணினியில். இன்னொன்று படுக்கையறை அலமாரியில், குட்டியின் ஸ்வெட்டருக்குள் சுற்றிவைத்த ஹார்ட் டிஸ்க்கில். மூன்றாவது தங்கை வீட்டில். ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே இரண்டையும் இவள் திறந்து பார்ப்பாள், அங்கே தங்கை பார்ப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கணவர் ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார். “போதும்மா. பாவம், எத்தன தடவதான் அவ ஓடி வருவா?” அன்று முழுக்க அவள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை.

இன்று ஞாயிறாக இருந்தும் அவர் வேலைக்குப் போயிருந்தார். மழை பிடித்துக்கொண்டதில் பொழுது சாய்வதற்கு முன்பே வீடு இருட்டிவிட்டது. அவள் அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்து வந்து இணைத்தாள். அதிலும் கதவு சாத்தியிருந்தது. கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் கெட்டுப்போன கோப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? படம் உறையும், கட்டம் கட்டமாகச் சிதறும். கதவைச் சாத்தாது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. குழந்தைகளுக்கான சோப்பு. அவள் வாங்குவதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. மழைச் சத்தத்துக்கு அடியில் எங்கோ ஒரு குழாய் ஓடிக்கொண்டிருந்து, யாரோ திருகி மூடியதுபோல் நின்றது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

நடைவழித் தரையில் ஒரு மஞ்சள் கோடு.

கைப்பேசி அடித்தது. தங்கை.

“அக்கா, வீடியோவப் பாத்தேன். அதுல அவ இல்ல.”

“தெரியும். இங்கயும் இல்ல.”

“அக்கா...” தங்கையின் குரல் இறங்கியது. “அவ எங்க ஹால்ல நிக்கிறா. தலையெல்லாம் ஈரம். சிரிக்கிறா. பயமா இருக்குக்கா. ஆனா நம்ம குட்டிதான்.”

கைப்பேசிக்குள்ளிருந்து கேட்டது. “அம்மா, என்னப் பிடி பாக்கலாம்.”

நடைவழியிலிருந்தும் கேட்டது.

படுக்கையறையிலிருந்தும்.

ஒரே சிரிப்பு. ஒரே இடத்தில் விக்கல்.

“தூக்கிக்கட்டுமா அக்கா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். பிரதியில் எடுத்தது மட்டும்தான் இருக்கும், எடுக்காதது இருக்காது. இது அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அந்தக் கேமரா குட்டியை முன்னாலிருந்துதான் பார்த்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் தங்கை நடக்கும் சத்தம். துணி உரசும் சத்தம்.

“அக்கா, இவளுக்கு...”

அவ்வளவுதான். பிறகு அந்தப் பக்கம் சிரிப்பு மட்டும்.

ஓடிப்போகலாம், வாசற்கதவு பக்கத்தில்தான். ஆனால் பயத்தைவிட ஏக்கம் பெரிதாக இருந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே அவள் இத்தனை நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்டாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

கோட்டை மிதித்துக்கொண்டு குட்டி ஓடிவந்தாள். ஈரத் தலை. ஓட்டைப் பல். அதே துண்டு.

நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். கன்னம் கன்னத்தில் பட்டது, ஜில்லென்று. கைகள் பின்னால் போய் முதுகைத் தேடின.

அவளுடைய கைகளே ஒன்றையொன்று தொட்டன.

முகம் சிரித்தது. விக்கியது. அறுந்தது. கைகளுக்குள் ஒன்றுமில்லை.

அவள் கைகளை இறக்கவில்லை. குளியலறை வாசலில் ஒருத்தி, படுக்கையறை வாசலில் ஒருத்தி. இருவரும் மறுபடி முதலிலிருந்து ஓடிவரத் தொடங்கினார்கள்.