நாங்க நல்லாத்தான் இருக்கோம்

"குரல் எங்கம்மாவோடதுதான் சார். ஆனா ஏதோ உறுத்துது," என்றபடி அந்த நர்ஸ் பென்டிரைவை மேசையில் வைத்தாள்.

துப்பறிபவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டார். அப்பா போய் இரண்டு வருடம். அதிலிருந்து அம்மா தனியாகத்தான் இருந்தாள். போன மாதம் ஒரு காலையில் போனுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இறந்து கிடந்தாள். முந்தின மாலை அண்ணன் வீட்டுக்குப் போன் செய்து, யாரும் எடுக்காததால் ஆன்சரிங் மெஷினில் பேசியிருக்கிறாள். நர்ஸ் வீடு மாறியிருந்தாள். அவளுடைய புது நம்பர் அம்மாவுக்குத் தெரியாது.

"அன்னிக்கு நான் அம்மாவைப் பார்க்கக் கிளம்பிட்டேன். 'வர வேண்டாம்னு மெஷின்ல சொல்லிட்டாங்க'ன்னு அண்ணன்தான் போன் பண்ணித் தடுத்தான். இப்ப அந்தப் பேச்சையே கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்திருக்கான். நான் போகாதது என் தப்பா சார்?"

துப்பறிபவரின் மைத்துனர் எதிலும் முந்திரிக்கொட்டை. பென்டிரைவை அவரே செருகினார். குரல் தெளிவாக வந்தது.

"நாங்க நல்லாத்தான்டா இருக்கோம். நீ அலைய வேண்டாம். மெதுவா வா, போதும்."

"வெட்டு, ஒட்டு எதுவும் இல்ல மாமா! பைல் பேர்லயே அன்னிக்குத் தேதி இருக்கு. அண்ணன்காரர் சுத்தம்!"

"பேர் வச்சது அம்மா இல்லையே மாப்ளே. அவரை வரச் சொல்லு."

அண்ணன் தமிழ் வாத்தியார். வந்ததும் வராததுமாகச் சிடுசிடுத்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் துப்பறிபவர். "நாம, நாங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கேக்கறவரையும் சேர்த்தா நாம. விட்டுட்டா நாங்க. இதுக்காகவா என்னை..." பாதியில் அவர் முகம் பேயறைந்தது போல ஆயிற்று.

"உங்களை விட்டுட்டா, அம்மாகூட வேற யார் இருந்தாங்க? தனியா இருக்கறவங்க 'நான்'னுதான் சொல்வாங்க. இது அப்பா இருந்தப்போ பேசினது. பழைய பேச்சு மெஷின் டேப்ல கிடந்திருக்கு. அதை ஏத்திட்டு, கடைசிப் பேச்சை என்ன பண்ணினீங்க?"

"அழிச்சுட்டேன்."

வாத்தியாருக்கு இலக்கணம் தெரியும். தாய் பேசியதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க?" நர்ஸ் எழுந்துவிட்டாள். "டேப்ல இல்லைன்னா உன்கிட்டதான் இருக்கு. சொல்லு!"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "'நெஞ்சு வலிக்குதுடா. நீ வராட்டிப் பரவாயில்ல. தங்கச்சியையாவது வரச் சொல்லு.'"

"நான் நர்ஸ்! ஓடி வந்திருப்பேனே பாவி! ஏன் தடுத்தே?"

"அடிக்கடி அப்படித்தான் சொல்வாங்க. நீ போனா, 'பிள்ளை இருந்தும் பொண்ணுதான் பார்க்கறா'ன்னு ஊரே பேசும். காலையில நானே போயிடலாம்னு இருந்தேன்."

மைத்துனர் பென்டிரைவைக் கழற்றி மேசையில் வைத்தார்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். பிறந்ததிலிருந்து வாத்தியாரை அண்ணா என்று மட்டுமே கூப்பிட்டவள் வாசலை மறித்து நின்ற அவரிடம், "கொஞ்சம் வழி விடுங்க சார்," என்றாள்.