அன்னாசி ஜாமும் அச்சுமணிகளும்

ஜாம் போடும் அம்மாள் உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த ஆய்வக அறிக்கையை மேசைமேல் வைத்தாள்.

"எங்க அன்னாசி ஜாம்ல பதப்பொருள் இருக்காம். எதுவும் சேர்க்கலைன்னு லேபிள்ல போட்டுத்தான் பன்னிரண்டு வருஷமா விக்கறேன். வெள்ளிக்கிழமை சீல் வைக்க வராங்க."

"யார் மேலயாவது சந்தேகமா?" என்று கேட்டார் தராசு. எடை அளவு ஆய்வாளராக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர், ஓய்வு பெற்றும் உதிரவில்லை; ஊரில் சிக்கல் என்றால் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அவள் குரல் இறங்கியது. "என் நாத்தனார். என்கூடத்தான் ஜாம் கிண்டறா. கெட்டுப்போகாம இருக்க ஏதாவது போட்டாத்தான் என்னன்னு போன மாசம் கேட்டா. நாலு நாளா அவளை அடுப்புப் பக்கமே விடலை. முகம் கொடுத்துப் பேசவும் இல்லை."

தராசின் மச்சினன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். வழக்கு என்றால் போட்டோக் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறவன். "அப்புறம் என்ன அத்தான், ஆள் கிடைச்சாச்சே."

தராசு அறிக்கையைப் படித்தார். வெவ்வேறு நாளில் கிண்டிய மூன்று பாட்டில்கள். முதலாவதில் கிலோவுக்கு நாற்பது மில்லிகிராம், அடுத்ததில் இருபது, கடைசியில் பத்து. ஓரத்தில் பொடி எழுத்தில், சோதனைக்கு எடுத்த ஜாமின் அளவு: ஐந்து, பத்து, இருபது கிராம். அந்த ஓரத்திலேயே அவர் விரல் நின்றது.

"நாளைக்குக் காலைல எல்லாரும் ஆய்வகத்துக்கு வாங்க," என்றார். "நாத்தனாரையும் கூட்டிட்டு வாங்கம்மா."

மறுநாள் நாத்தனார் கதவோரமாகத் தள்ளியே நின்றாள். மச்சினன் அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆய்வகத் தலைவி ஒரு சிறு குழாயைக் காட்டினாள். உள்ளே வெள்ளை மணிகள்.

"இது பாலிமர், ஒருவகை பிளாஸ்டிக். செய்யும்போதே பதப்பொருளோட மூலக்கூறை அச்சா உள்ள வெச்சிடுவோம். அப்புறம் அதைக் கழுவி எடுத்தா, அதே வடிவத்துல குழி மிஞ்சும். கரைச்ச ஜாமை ஊத்தினா அந்தப் பொருள் மட்டும் குழியில மாட்டிக்கும். அதைக் கரைப்பான்ல கழுவி இறக்கி அளப்போம். வேற எதுவும் ஏமாத்த முடியாது."

"இந்த மணிகள் புதுசா?" என்று கேட்டார் தராசு.

"போன வாரம் செஞ்சது," என்றார் ஜாமைச் சோதித்த சோதனையாளர்.

"தண்ணியை மட்டும் ஊத்திப் பார்த்தீங்களா?"

சோதனையாளர் பதிவேட்டைப் புரட்டினார். "அதைப் பழைய மணிகள்ல பார்த்தோம். பூஜ்யம் வந்தது. அதே முடிவைத்தான் இதுக்கும் எழுதினோம்."

"இப்ப ஊத்துங்க."

அரை மணி நேரம் ஆயிற்று. எந்திரம் எண்ணைக் காட்டியதும் தலைவியின் முகம் மாறியது. வெறும் தண்ணீரிலும் பதப்பொருள்.

மச்சினன் எந்திரத்தை எட்டிப் பார்த்தான். "எப்படி அத்தான்?"

"நாற்பதை அஞ்சால பெருக்கு. இருபதைப் பத்தால. பத்தை இருபதால."

"எல்லாம் இருநூறு."

"கிலோவுக்கு ஆயிரம் கிராம், அதனால ஆயிரத்தால வகு. அதாவது, மூணு தடவையும் வந்தது சரியா பூஜ்யம் புள்ளி ரெண்டு மில்லிகிராம். பதப்பொருள் ஜாம்ல இருந்தா, நாலு மடங்கு ஜாமுக்கு நாலு மடங்கு வரணும். ஜாம் கூடினாலும் குறைஞ்சாலும் அளவு அசையலைன்னா, அது ஜாம்லேருந்து வரலை. குழாய்லேருந்து வருது. அச்சைச் சரியாக் கழுவாம விட்டிருக்கீங்க. குழியில ஒட்டிக்கிட்டிருந்ததே கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு."

"அவசரத்துல ஒரே தடவைதான் கழுவினேன்," என்றார் சோதனையாளர், தரையைப் பார்த்து.

தலைவி சாக்குச் சொல்லவில்லை. பகல் முழுக்கத் தானே நின்று மணிகளைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். மாலையில் தண்ணீருக்குப் பூஜ்யம். மூன்று பாட்டிலுக்கும் பூஜ்யம். தராசு விடவில்லை, கழுவிய மணிகளுக்குப் பிடிக்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்க, நான்காவது பாட்டிலில் வேண்டுமென்றே பதப்பொருளைக் கலக்கச் சொன்னார். மணிகள் அதை மட்டும் கச்சிதமாகப் பிடித்தன. தலைவி பழைய அறிக்கையைக் குறுக்கே கோடிட்டு அடித்துப் புதியதில் கையெழுத்துப் போட்டாள்.

ஜாம் அம்மாள் கதவோரம் போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்மேல பழி போட்டுட்டேன்டி. என்னை நாலு வார்த்தை திட்டிடு."

"திட்டறதுக்கு ஆயுசு கிடக்கு அண்ணி," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அஞ்சு நாளா பழம் அப்படியே கிடக்கு. இப்பவே போனா ரெண்டு அடுப்பு மூட்டலாம்."

இருவரும் படியில் இறங்கும்போது யார் முன்னால் போவது என்று போட்டியே நடந்தது.