நாணப்பட்டை

அன்று அறையில் இருந்தவர்கள்: அணித்தலைவி ரொசாரி, வில்லாளி நிஷார், கேடயக்காரன் தங்கப்பழம், மந்திரவாதி சற்குணம். அப்புறம், சோற்றுப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்ற ஒருவர்.

அவர்கள் ஆடிய கணினி ஆட்டத்தின் பெயர் 'மந்திரப் பாளையம்'. அந்த வரலாற்றில் கம்பெனிக்காரனிடம் கப்பலும் பீரங்கியும் இருந்தன. பாளையத்தாரிடம் மந்திரம் இருந்தது. மந்திரத்துக்கு எரிபொருள் வெட்கம். நெற்றியில் கட்டிய நாணப்பட்டை முகத்தில் ஏறும் ரத்தத்தை அளக்கும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நெருப்பு. நடிப்பெல்லாம் அதனிடம் செல்லாது.

சற்குணம் ஒரு காலத்தில் பெரிய மந்திரவாதி. பரீட்சையில் பிட் அடித்துப் பிடிபட்டதையும், கல்லூரியை விட்டு ஓடியதையும் நினைத்து நினைத்தே கப்பல்களை எரித்தவன். நினைக்க நினைக்க வெட்கம் தேய்ந்துவிட்டது. இப்போது கற்பூரம் அளவுக்குக்கூட எரியவில்லை.

"ஏலே, கோட்டைச் சுவரு விழப்போவுது. இன்னிக்கும் தீ வரலன்னா உன் எடத்துக்கு வேற ஆளுதான்" என்றாள் ரொசாரி.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. சற்குணத்தின் அப்பா. உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"யாருலே அது?" என்றான் நிஷார்.

"சாப்பாடு கொண்டாந்த ஆளு" என்றான் சற்குணம்.

அப்பா அவனை ஒரு கணம் பார்த்தார். பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"வேற ஏதும் வேணுமா சார்?"

நாணப்பட்டை சுட்டது. திரையில் கடலே பற்றி எரிந்தது. ஒரு கப்பல்கூட மிஞ்சவில்லை. தங்கப்பழம் மேசையைத் தட்டிக் கூத்தாடினான். சற்குணம் திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாருமில்லை.

பொட்டலத்தைப் பிரித்தபடி ரொசாரி சொன்னாள்: "அடுத்த சுத்துக்கும் ஒங்கப்பாவ வரச்சொல்லு."

"அப்பான்னு யாரு சொன்னா?"

"பட்டை சொல்லிச்சுல்லா. சாப்பாட்டுக்காரருக்கெல்லாம் கடலு எரியுமாலே?"

வரமாட்டேன் என்பார் என்று நம்பித்தான் அவன் கூப்பிட்டான். அவரோ குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார். மகன் வாயால் ஓர் அழைப்பு வந்து வருடக்கணக்காகிறது.

"அந்த உப்போட வந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தாள் ரொசாரி.

"சார்னுதான் கூப்பிடணுமாய்யா?" என்று அவர் மகன் காதோரம் கேட்டார். குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சற்குணத்தின் முகத்தில் ரத்தம் ஏறியது. இதுவும் ஒருநாள் தேயும். தேயும்வரை ஓட்டலாம்.

நடு ஆட்டத்தில் அவர் எழுந்து போய்விடக் கூடாது. அவரை உள்ளே விட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.